பெட்டி என்னுடையது, குரல் யாருடையது?

பழைய டேப் ரெக்கார்டர் சேர்ப்பவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. ஒரு பெட்டி கைக்கு வந்ததும் முதலில் அதைத் திருப்பிப்போட்டு, பின்பக்கம் இருக்கும் பேட்டரி மூடியைத் திறப்பார்கள். உள்ளே கட்டைகள் வருஷக்கணக்கில் கிடந்து பொங்கி, ஸ்பிரிங்கை அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரித்திருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம். அடுத்து எஜெக்ட் பொத்தானை அமுக்கிக் கேசட் கதவைத் திறப்பார்கள். ஹெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ரப்பர் உருளை இறுகிப்போயிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். பெரும்பாலும் அந்த அறை காலியாக இருக்கும். சில சமயம் உள்ளே ஒரு கேசட் இருக்கும்.

பத்தில் ஒன்பது முறை அது சினிமாப் பாட்டு. ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியதாக இருக்கும். அல்லது இலங்கை வானொலியில் போனதை, அறிவிப்பாளர் குரலோடு சேர்த்துப் பிடித்ததாக இருக்கும். அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பத்தாவது கேசட்டைப் பற்றியது. அதைப் போட்டதும் யாரோ மைக்கைத் தட்டும் சத்தம் கேட்கும். பிறகு ஒரு குரல், சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொருவரிடம், "ஓடுதா?" என்று கேட்கும். வீட்டில் பதிந்த கேசட்டுகள் முக்கால்வாசி இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

அந்த "ஓடுதா?"வுக்கு அப்புறம் என்ன செய்வது? தொடர்ந்து கேட்கலாமா, நிறுத்த வேண்டுமா? அழித்துவிடலாமா? கணினியில் ஏற்றி நாலு பேருக்குக் கேட்கக் கொடுக்கலாமா? பெட்டிக்குக் காசு கொடுத்தாயிற்று. அந்தக் காசு குரலுக்கும் சேர்த்துத்தானா?

பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் பழைய பொருள்களைச் சேர்க்கிற எவரும் தாண்டிப் போக முடியாத கேள்வி இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு பொருளை விலைக்கு வாங்கும்போது நாம் எதையெல்லாம் வாங்குகிறோம்?

*

பூம்பாக்ஸ் என்பது அமெரிக்கர்கள் வைத்த பெயர். ஜப்பானியர்கள் ரேடியோ, கேசட் இரண்டையும் சேர்த்துச் சுருக்கி ‘ராஜிகாசே’ என்றார்கள். நம் ஊரில் ‘டூ இன் ஒன்’, இல்லையென்றால் வெறும் ‘டேப்பு’. 1963இல் பெர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு உருவாக்கியது அது. சில வருஷங்களிலேயே ரேடியோவும் கேசட்டும் ஒரே பெட்டிக்குள் வந்தன. 1970களில் ஜப்பானிய நிறுவனங்கள் அந்தப் பெட்டியைப் பெரிதாக்கி, இரண்டு ஸ்பீக்கர் வைத்து, குரோமியம் பூசி, உலகமெங்கும் அனுப்பின. மட்சுஷிட்டாவின் நேஷனல் பானாசோனிக், ஷார்ப், சான்யோ, ஜேவிசி, சோனி என்று இன்று சேகரிப்பவர்கள் தேடி அலையும் பெயர்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை.

நியூயார்க்கில் இந்தப் பெட்டி தெருவுக்கு வந்தது. சில பெரிய மாடல்களுக்குப் பத்து பெரிய பேட்டரிக் கட்டைகள் வேண்டும். அத்தனை கனத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு கறுப்பின, லத்தீன் அமெரிக்க இளைஞர்கள் நடந்தார்கள். தங்களுக்கு இடம் தராத நகரத்தில், தாங்கள் இருக்கிறோம் என்பதை அவர்கள் சத்தத்தால் சொன்னார்கள். 1989இல் வந்த ஸ்பைக் லீயின் ‘டூ த ரைட் திங்’ படத்தில் ரேடியோ ரஹீம் என்ற இளைஞன் அப்படி ஒரு பெட்டியோடுதான் படம் முழுக்க வருவான். பீட்ஸா கடைக்காரர் பேஸ்பால் மட்டையால் அந்தப் பெட்டியை அடித்து நொறுக்குகிறார். அதைத் தொடரும் கைகலப்பில் போலீஸ்காரர் ஒருவர் ரஹீமின் கழுத்தை இறுக்கிக் கொல்கிறார். அந்தப் படத்தில் ரஹீம் தூக்கிவந்த பெட்டி ஒன்று இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் அதே பெட்டி வேறு வழியாக வந்தது. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளில் வேலைகள் திறந்தன. ராமநாதபுரத்திலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் போனவர்கள் முதல் லீவில் திரும்பும்போது கையில் தூக்கிவந்த பொருள்களில் இது முக்கியமானது. இங்கே இது தெருவுக்குப் போகவில்லை. முன்னறையில், குரோஷா பின்னல் போட்ட துணி மூடி, அலமாரி மேல் உட்கார்ந்தது. நியூயார்க்கில் ஆட்கள் ‘ப்ளே’ பொத்தானுக்காக இதைத் தூக்கினார்கள். இங்கே பல வீடுகளில் இதன் உயிர் பக்கத்திலிருந்த சிவப்புப் பொத்தானில் இருந்தது. ரேடியோ நமக்குச் சொல்லும். நாம் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்கிற முதல் பெட்டியாகப் பல வீடுகளுக்குள் வந்தது இதுதான்.

*

சேகரிப்பவர்களின் மொழியில் மிக உயர்ந்த சொல் ‘மின்ட்’. அதாவது கம்பெனியிலிருந்து நேற்று வந்தது போல இருக்க வேண்டும். ஒரு பெட்டியை அந்த நிலைக்குக் கொண்டுவர நிறைய உழைப்பு வேண்டும். உள்ளே மோட்டாரையும் உருளைகளையும் இணைக்கும் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதை ஆல்கஹால் தொட்டு, பஞ்சால் துடைத்து எடுக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். கெபாசிட்டர்களை மாற்ற வேண்டும். ஹெட்டைச் சுத்தம் செய்து அதில் சேர்ந்திருக்கும் காந்தத்தை நீக்க வேண்டும். மேல்பெட்டியில் ஒட்டியிருக்கும் சாமி ஸ்டிக்கர், ஆணியால் கீறிய பெயர், ஊதுபத்திச் சூடு பட்ட தழும்பு எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. கடையில் இன்றைக்கும் புது ஸ்பீக்கர் கிடைக்கும், சத்தமும் துல்லியமாக இருக்கும். அதை விட்டுவிட்டு நாற்பது வருஷத்துப் பெட்டிக்குப் பணம் கொடுப்பது, அது ஒரு காலத்தில் வாழ்ந்தது என்பதால்தான். பணம் கொடுத்து வாங்கிய கையோடு, அது வாழ்ந்ததற்கான அடையாளங்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறோம். காலம் வேண்டும், அந்தக் காலத்தில் இருந்த ஆட்கள் வேண்டாம் என்கிற மாதிரி.

வால்டர் பெஞ்சமின் 1931இல் தன் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து பிரித்து அடுக்குவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொருளோடு மனிதனுக்குச் சாத்தியமான மிக நெருக்கமான உறவு உடைமை என்பது அவர் கட்சி. சேகரிப்பவனுக்குள் பொருள்கள் வாழ்வதில்லை, அவன்தான் அவற்றுக்குள் குடியிருக்கிறான் என்ற பொருளில் அவர் பேசுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் அவர் கையிலிருந்தது அச்சிட்ட புத்தகம். அது யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று எழுதப்பட்டது. நாம் குடியேறப் போகும் வீட்டுக்குள் ஏற்கெனவே ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கே எழவில்லை.

*

குரல் கடிதங்களைப் பற்றி இன்றைய வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போன் பேசுவது அன்றைக்குப் பெரிய செலவு. பெரும்பாலான வீடுகளில் போனும் கிடையாது. கடிதம்தான் வழி. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் என்பது மூன்றாவது ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு பேசுவது. பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையோ, தபால்காரரோ, வாத்தியாரோ உட்கார்ந்து எழுத, இந்தப் பெண் சொல்ல வேண்டும். அங்கேயும் அறையில் படித்த ஒருவர் வாசித்துக் காட்ட வேண்டும். கணவனிடம் சொல்ல நினைத்ததில் பாதி, எழுதுகிறவர் முகத்தைப் பார்த்ததுமே தொண்டையில் நின்றுவிடும். "நலம், நலமறிய ஆவல்" என்று கடிதம் சம்பிரதாயமாக முடிந்துவிடும்.

கேசட் இந்த மூன்றாவது ஆளை வெளியே அனுப்பியது. இயந்திரத்தை ஓட்டிவைக்க ஒரு பிள்ளை தேவைப்பட்டாலும், அது ஓடத் தொடங்கியதும் "நீ போய் வெளையாடு" என்று சொல்லிவிடலாம். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம், சொல்ல வேண்டியதைச் சொல்லலாம். லீவு முடிந்து திரும்புகிற ஊர்க்காரர் ஒருவர் கையில் கொடுத்தனுப்பினால் போய்ச் சேர்ந்துவிடும். எழுத்தறிவு இல்லாத பல பெண்கள் வாழ்க்கையில் முதல்முறையாக, தூரத்திலிருக்கும் ஒருவரிடம் இடையில் யாரும் இல்லாமல் பேசியது இந்தப் பெட்டி முன்னால்தான். இன்று நாம் யோசிக்காமல் அனுப்பும் வாய்ஸ் நோட்டுக்கு மூத்த அக்கா அது.

நாற்பது வருஷம் கழித்து, காயலான் கடையிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் நான் யார்? அவர்கள் வெளியே அனுப்பிவிட்ட அதே மூன்றாவது ஆள்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தப் பெட்டிகளில் பதிவின் அளவைத் தானாகச் சரிசெய்யும் ஒரு சர்க்யூட் உண்டு. பேச்சு சத்தமாக வந்தால் அது அடக்கும். யாரும் பேசாமல் நிறுத்தினால், எதையாவது பிடிக்க வேண்டும் என்று மெல்ல மெல்ல ஏற்றிக்கொண்டே போகும். அதனால் பேச்சுக்கு நடுவே வரும் மௌனங்களில் மின்விசிறியும் காக்காயும் பக்கத்து அறையில் பாத்திரம் உருளுவதும் மூச்சும் பெரிதாகக் கேட்கும். சொல்ல நினைத்ததை மட்டுமல்லாமல், சொல்லாமல் விட்டதைச் சுற்றியிருந்த வீட்டையும் இயந்திரம் பிடித்துவைத்திருக்கிறது. எழுதிய கடிதத்தை விடக் கேசட் அதிகம் காட்டிக்கொடுக்கும். அதைப் பேசியவர்களுக்கே தெரியாத அளவுக்கு.

*

"காசு குடுத்து வாங்கியாச்சு, இனிமே என்னோடது" என்பது முதல் பதில். இதைச் சட்டமே ஒப்புக்கொள்ளவில்லை என்பது சுவாரஸ்யம். 1741இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கவிஞர் அலெக்ஸாண்டர் போப்புக்கும் ஜொனாதன் ஸ்விஃப்டுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தை எட்மண்ட் கர்ல் என்ற பதிப்பாளர் அச்சிட்டு விற்றார். போப் வழக்குப் போட்டார். அனுப்பிவிட்ட கடிதம் பெற்றவருக்குக் கொடுத்த பரிசு, அதன் மேல் எழுதியவருக்கு இனி என்ன பாத்தியதை என்று கர்ல் தரப்பு வாதம். ஹார்ட்விக் பிரபு தீர்ப்பில் ஒரு கோடு கிழித்தார். காகிதம் வேண்டுமானால் பெற்றவருடையதாக இருக்கலாம். அதிலுள்ள சொற்களை அச்சிடும் உரிமை காகிதத்தோடு கைமாறுவதில்லை. இதே காரணத்தால் போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டும்தான் பாதுகாப்பு கிடைத்தது. அவருக்கு வந்த கடிதங்களுக்குக் கிடைக்கவில்லை.

காகிதம் வேறு, சொல் வேறு. பெட்டி வேறு, குரல் வேறு. ஆனால் சட்டம் வெளியிடுவதோடு நின்றுவிடுகிறது. நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்டால் எந்த நீதிமன்றமும் என்னைக் கூப்பிடாது. அந்த இடத்திலிருந்துதான் அறம் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

விற்றவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள்தானே என்று கேட்கலாம். யார் விற்றார்கள் என்று பார்க்க வேண்டும். பேசியவர் விற்பது அபூர்வம். வீட்டை இடிக்கும்போது, பாட்டி இறந்த பிறகு அறையைக் காலிசெய்யும்போது, பேரன் எடைக்குப் போடுகிறான். அவன் கேசட் கதவைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான். தெரிந்து ஒன்றைக் கைவிடுவதும், இருப்பது தெரியாமல் நழுவவிடுவதும் ஒன்றாகிவிடாது.

*

என் தொழில் மென்பொருள். எங்கள் துறையில் இந்தக் கேள்விக்குத் தயாரான பதில் ஒன்று உண்டு: அழித்துவிடு. அடுத்தவரின் தனிப்பட்ட தகவல் தேவைக்கு மேல் ஒரு நாள்கூட நம்மிடம் இருக்கக் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க்கை விற்கும் முன் துடைக்க வேண்டும். தெரியாமல் நம் கைக்கு வந்துவிட்டால் படிக்காமல் அழிக்க வேண்டும். அழிப்பதுதான் மரியாதை. நாள் முழுக்க இதைப் பின்பற்றுகிற எனக்கு, இரவில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் வேறொரு நீதி வந்துவிடுகிறது. பாதுகாக்க வேண்டும், எதையும் தொலைக்கக் கூடாது, தொலைந்தால் திரும்ப வராது என்கிற சேகரிப்பாளனின் நீதி. இரண்டும் நல்ல நீதிகள்தான். ஒரே கேசட்டின் மேல் இரண்டும் மோதும்போதுதான் திண்டாட்டம்.

கேசட்டில் அழிப்பது எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்ல வேண்டும். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. சிவப்புப் பொத்தானை அமுக்கினால், அது முதலில் அழிக்கும் ஹெட்டைத் தொட்டு, பிறகுதான் பதியும் ஹெட்டுக்கு வரும். இயந்திரத்தின் அமைப்பே அப்படி. எதையாவது புதிதாகச் சொல்ல வேண்டுமானால் அங்கே ஏற்கெனவே இருந்தது போயாக வேண்டும். யாரும் பேசாமல் சும்மா ஓடவிட்டாலும் போதும், அரை மணி நேரத்தில் ஒரு பக்கம் முழுக்க வெறுமையாகிவிடும்.

ஹார்டு டிஸ்க்குக்குச் சரியான நீதி இங்கே எனக்குச் சரிப்படவில்லை. காரணம் எளிது. டிஸ்க்கில் இருப்பது பெரும்பாலும் பிரதி. அதன் சொந்தக்காரர் வேறெங்கோ உயிரோடு இருக்கிறார், அவரிடம் அசல் இருக்கிறது, அழிப்பதால் அவருக்கு நன்மை. இந்தக் கேசட் ஒற்றைப் பிரதி. பேசியவர் இறந்திருக்கலாம். உலகத்தில் அவர் குரல் இருக்கும் ஒரே இடம் இந்த 90 மீட்டர் நாடாவாக இருக்கலாம். இதை அழிப்பதால் காப்பாற்றப்படுவது அவரா, தர்மசங்கடத்திலிருந்து தப்பிக்கும் நானா?

அப்படியானால் வெளியிட்டுவிடலாமே என்று மறுமுனையிலிருந்து ஒரு குரல் வரும். அது லேசான வாதம் இல்லை. வளைகுடாப் பயணத்தின் வரலாற்றைப் புள்ளிவிவரங்களாக எழுதியிருக்கிறோம். அதை வாழ்ந்த பெண்களின் பேச்சு ஆவணங்களில் மிகக் குறைவு. எந்த ஆய்வாளருக்கும் இந்தக் கேசட்டுகள் புதையல். தனிமனிதச் சேகரிப்பு பொதுச் சொத்தாவதன் மதிப்பு நமக்குத் தெரியும். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா, வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. அவர் சேர்த்திருக்காவிட்டால் எத்தனையோ நூல்கள் இன்று இல்லை.

ஆனால் அவர் சேர்த்ததெல்லாம் அச்சானவை. சினிமா நோட்டீஸ்கூட நாலு பேர் பார்க்க வேண்டும் என்று அடித்ததுதான். வீட்டுக் கேசட்டுக்கு நெருக்கமான உதாரணம் விவியன் மையர். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணாக இருந்தவர். வாழ்நாள் முழுக்க ஏராளமாகப் படம் எடுத்தார், அவற்றை யாருக்கும் காட்டியதில்லை என்றே சொல்லலாம். வாடகை கட்டாததால் அவர் பொருள்கள் வைத்திருந்த அறை 2007இல் ஏலத்துக்குப் போனது. வாங்கியவர்கள் வழியாக அந்தப் படங்கள் உலகப் புகழ் பெற்றன. 2009இல் இறந்துபோன மையருக்கு அந்தப் புகழைப் பற்றித் தெரியாது. நான் அந்தப் படங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன். அவை குப்பைக்குப் போகாமல் தப்பியதில் சந்தோஷம்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும், காட்ட வேண்டாம் என்று ஒருவர் வைத்திருந்ததைப் பார்க்கிறோம் என்ற உறுத்தல் கூடவே வருகிறது. காப்பாற்றுவதும் காட்டுவதும் ஒரே செயல் என்று நாம் பழகிவிட்டோம். இரண்டையும் பிரிக்க முடியும்.

*

ஒரு கேசட்டைத் திருப்பிக் கொடுக்க முயன்ற அனுபவம் எனக்கு உண்டு. அதில் என்ன இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதுவரை சொன்னதற்கெல்லாம் அர்த்தம் இல்லை. "ஓடுதா?" என்று ஆரம்பித்தது என்பது மட்டும் போதும்.

திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் யாருடையது என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் கேட்டாக வேண்டும். மணிபர்ஸ் ஒன்று தெருவில் கிடந்தால் பெயர் தேடித் திறக்கிறோம். அதில் யாரும் தப்புச் சொல்வதில்லை. திறந்த பிறகு உள்ளே இருக்கும் போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால்தான் தப்பு. அந்தக் கணக்கில், ஹெட்போனில், தனியாக, ஊரும் பெயரும் தேடிக் கேட்டேன். ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரும் ஒரு கடையின் பெயரும் அகப்பட்டதும் நிறுத்தினேன். அப்புறம் பல வாரங்கள், பல போன்கள். கடைசியில் பேசியவரின் மகளைப் பிடித்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டியவர். விஷயத்தைச் சொன்னதும் எதிர்முனையில் ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அம்மா கொரலா?" என்றார்.

"ஆமாங்க. கூரியர்ல அனுப்பி வைக்கிறேன். கேசட் போட வசதியில்லன்னா போன்ல கேக்குற மாதிரி மாத்தியும் தர்றேன்."

"வேணாம் தம்பி."

நான் எதிர்பார்த்த பதில் அது இல்லை. திருப்பிக் கொடுப்பது எப்போதும் நல்ல காரியம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அவர் மெதுவாகச் சொன்னார். அம்மா போய் நாளாகிவிட்டது. முகம் போட்டோவில் இருக்கிறது, அது பழகிவிட்டது. குரல் மறந்துபோன பிறகுதான் தூங்கவே முடிந்தது. அத்தோடு, அந்தப் பேச்சு அம்மா அத்தாவிடம் பேசியது. "எங்ககிட்டப் பேசுனது இல்லையே தம்பி அது. நாங்க கேக்கலாமா?"

சொந்த மகளே இந்தக் கேள்வியைக் கேட்கிறார். அதுவரை நான் மகளுக்கு அந்தக் குரல் மேல் முழு உரிமை உண்டு என்று சாதாரணமாக எடுத்துக்கொண்டிருந்தேன். வாரிசுரிமை நிலத்துக்குச் செல்லும். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தன் கணவனிடம் பேசியது வாரிசாக இறங்குமா?

அப்படியானால் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தூக்கிப் போட்டுராதீங்க தம்பி. போட்டுக் கேக்கவும் செய்யாதீங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். பெயரும் ஊரும் இல்லாமல் இதை எழுதலாமா என்று பிறகு ஒருமுறை கேட்டபோது சரி என்றார்.

தூக்கிப் போடக் கூடாது, போட்டும் கேட்கக் கூடாது. பொறியாளனாக யோசித்தால் இது அர்த்தமில்லாத கோரிக்கை. வாசிக்கவே கூடாத தரவை எதற்காகச் சேமிக்க வேண்டும்? ஆனால் அந்த அம்மா கேட்டது எனக்கு உடனே புரிந்தது. நம் மொழியில் அதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது.

*

அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே அந்தப் பெயர். மதுரைக்கு வெளியே, ஆயர்குலத்து மாதரியிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார் கவுந்தியடிகள். மாதரி அரசி இல்லை, செல்வந்தர் இல்லை. ஒப்படைக்கப்பட்ட பெண் யார், எதற்காக இந்த ஊருக்கு வந்தாள் என்று அவள் துருவிக்கொண்டிருக்கவில்லை. வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கோவலன் கொலையுண்டு எல்லாம் முடிந்த பிறகு, தன் பொறுப்பில் விட்டதைக் காக்க முடியவில்லையே என்று அவள் தீயில் இறங்கிவிடுகிறாள். அந்த முடிவை நியாயப்படுத்துவது என் நோக்கமில்லை. ஆனால் அடைக்கலப் பொருளுக்கு நம் மரபு எவ்வளவு கனம் கொடுத்தது என்பதை அது காட்டுகிறது.

உடைமைக்கும் அடைக்கலத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான். என் உடைமையை நான் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், உடைக்கலாம். அடைக்கலமாக வந்ததை நான் பயன்படுத்தக் கூடாது, அழிக்கவும் கூடாது. கேட்டு வருகிறவருக்கு அது கிடைக்க வேண்டும். வராவிட்டாலும் இருக்க வேண்டும். பெஞ்சமின் சொன்ன நெருக்கம் இதில் இல்லை. ஒரு விலகல் இருக்கிறது. அந்த விலகல்தான் மரியாதை.

யாரும் ஒப்படைக்காததை அடைக்கலம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாதரி வாங்கிக்கொண்டாள், நான் காயலான் கடையில் பேரம் பேசி வாங்கினேன். ஆனால் பேரம் பேசியது பெட்டிக்கு. உள்ளே இருந்ததைப் பற்றிக் கடைக்காரரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. விலை சொல்லப்படாத ஒன்று பெட்டியோடு சேர்ந்து என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை என்னவாக எடுத்துக்கொள்வது என்பது என் முடிவு. அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாம், குப்பை என்று எடுத்துக்கொள்ளலாம். பொறுப்பு என்றும் எடுத்துக்கொள்ளலாம். பேசியவரை நேரில் பார்த்தால் இந்த மூன்றில் எதைச் செய்ததாக அவரிடம் தயங்காமல் சொல்ல முடியும்? எனக்கு மூன்றாவது மட்டும்தான்.

இறந்தவர்களுக்கு எதுவும் வலிக்காது, இதெல்லாம் தேவையற்ற நெகிழ்ச்சி என்று ஒரு நண்பர் சொன்னார். வலிக்காது, உண்மை. ஆனால் யாரும் பார்க்காத இடத்தில், திருப்பிக் கேட்க முடியாதவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதும் நாம் எப்படிப்பட்ட ஆட்கள் என்பதில் சேர்ந்ததுதான். ஆய்வாளரின் தேவையையும் நான் மறுக்கவில்லை. பேசியவர் உயிரோடு இருந்து சம்மதித்தால், அந்தக் குரல் ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். போனால் நல்லது. சம்மதம் தர ஆள் இல்லாதபோது, வரலாற்றுக்குத் தேவை என்பது மட்டும் சாத்திய கதவைத் திறக்கப் போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறையில் நான் செய்வது ரொம்பச் சாதாரணம். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும். உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது, தெரியாமல் சிவப்புப் பொத்தானை அமுக்கினாலும் இறங்காது. அதை உடைக்கிறேன். நாடாவை முழுக்க ஒரு பக்கமாகச் சுற்றி, ஈரமும் வெயிலும் காந்தமும் அண்டாத இடத்தில் வைக்கிறேன். எந்தப் பெட்டியிலிருந்து, எந்த ஊரில், எந்தத் தேதியில் கிடைத்தது என்று ஒரு சீட்டு. பெட்டி கைமாறினால் கேசட் அதோடு போகாது. பெட்டியின் மேல் ஆணியால் கீறிய பெயர் இருந்தால் அதையும் இப்போதெல்லாம் எடுப்பதில்லை. ‘மின்ட்’ இல்லை என்று விலை குறையும். குறையட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பெட்டி இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் கேசட் கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே ஏதாவது இருந்தால், போட்டுப் பார்ப்பதற்கு முன் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்து, அவர்களிடம் கேளுங்கள். "இதுல என்ன இருக்கு" என்று கேட்க வேண்டாம். "இதை நான் கேக்கலாமா" என்று கேளுங்கள்.

என்னிடம் இப்போது அப்படிப்பட்ட கேசட்டுகள் 6 இருக்கின்றன. எனக்குப் பிறகு இவையும் யாரோ ஒருவர் கையில் போய்த்தான் சேரும். என் பெட்டிகளுக்கு அவர் என்ன விலை வைத்தாலும் எனக்குக் கவலையில்லை. கேசட்டுகளோடு ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். அந்த அம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே, "இவை விற்பனைக்கு இல்லை, என்னுடையவையும் இல்லை" என்று சேர்த்திருக்கிறேன்.